ஆல்ட் அழுத்தினா ஏன் பேசல? – ஸ்க்ரீன் ரீடரும் மெனுவும், ஒரு குட்டி வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க :-)

2008ல நடந்தது. மதுரையில எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருத்தர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டரா சேர்ந்து, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு, ஸ்க்ரீன் ரீடர் வெச்சு கணக்குப் பிரிவுக்கு மாறினவர். (ஸ்க்ரீன் ரீடர்னா திரையில இருக்கறதைப் பேசிக் காட்டுற மென்பொருள். திரைவாசிப்பான்னும் சொல்றாங்க.) எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. திடீர்னு ஆபீஸ்ல கணக்கு மென்பொருளை மாத்திட்டாங்க. எந்த மென்பொருள்ங்கறதெல்லாம் வேண்டாம். அதுல ஆல்ட் பட்டனை அழுத்தினா மெனு திறக்குது, ஆனா ஸ்க்ரீன் ரீடர் வாயே திறக்கல. அம்புக்குறியை அழுத்தினாலும் சத்தமில்லை.

மேலதிகாரி நல்ல மனுசன்தான். "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க, முடியலேன்னா பழையபடி போன் சீட்டுக்கே போயிடலாம்"னு சொல்லியிருக்கார். அந்த போன் சீட்டுல அப்பவே வேலை எதுவும் இல்லை. எல்லார் கையிலயும் செல்போன் வந்தாச்சு. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கற நாற்காலி அது.

அண்ணன் எனக்கு போன் பண்ணினார். "தம்பி, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வரைக்கும் வந்து உன் கண்ணை மட்டும் கொஞ்சம் கடன் குடு."

போனேன். அன்னிக்குப் பார்த்த சமாச்சாரம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள்ள இழுத்து விட்டது. அந்தக் கதையை முடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துடுவோம்.

*

மெனுங்கறது என்ன? நமக்கு அது ஒரு பட்டியல். அதுல ஒரு வரி மட்டும் வேற கலர்ல மின்னும். அம்புக்குறியை அழுத்தினா அந்தக் கலர் அடுத்த வரிக்கு நகரும். அவ்வளவுதான். நல்லா கவனிங்க, புதுசா ஒரு எழுத்துகூட திரைக்கு வரல. இருக்கற எழுத்தோட நிறம் மட்டும்தான் மாறுது. பார்வை இருக்கறவனுக்கு மெனுங்கறது நிறம். நிறத்தை எப்படிப் பேசிக் காட்டறது? சிக்கல் ஆரம்பிச்சதே அங்கதான்.

டாஸ் காலத்துக்குப் போவோம். கறுப்புத் திரை. 80 எழுத்து அகலம், 25 வரி. மொத்தம் 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்ப்யூட்டர் நினைவகத்துல இரண்டு பைட். ஒண்ணு எழுத்து, இன்னொண்ணு அதோட நிறம். ஆக மொத்தம் 4000 பைட்டுல முழுத் திரையும் அடங்கிடும். ஆரம்பத்துல வந்த சில பேசும் நிரல்கள், டாஸ் வழியா திரைக்குப் போற எழுத்தை நடுவழியில பிடிச்சுப் பேசும். ஆனா 1983ல வந்த லோட்டஸ் 1-2-3 மாதிரி மென்பொருள்கள் வேகத்துக்காக டாஸைக் கேட்காம நேரா அந்த நினைவகத்துலயே எழுதுச்சு. நடுவழியில நின்னுக்கிட்டு இருந்தவன் கையில ஒண்ணும் சிக்கல.

அந்த லோட்டஸ்ல சாய்வுக்கோட்டை அழுத்தினா மேல ஒரு மெனு வரும். வொர்க்‌ஷீட், ரேஞ்ச், காப்பி, மூவ், ஃபைல்னு வரிசையா இருக்கும். அதுக்குக் கீழ் வரியில, இப்ப நிக்கிற மெனுவுக்கான விளக்கம். அந்தக் காலத்துல ஆபீஸ்னா லோட்டஸ்தான். இந்த மெனுவைக் கேட்க முடியலேன்னா அந்த வேலை உங்களுக்கு இல்லைன்னு அர்த்தம்.

இந்த இடத்துல இரண்டு பேரைச் சொல்லணும்.

ஒருத்தர் ஐபிஎம்மோட ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த ஜிம் தாட்சர். கணிதக்காரர். இவரோட ஆய்வு வழிகாட்டியா இருந்த ஜெஸ்ஸி ரைட், பார்வை இல்லாதவர். இரண்டு பேரும் பிறகு ஐபிஎம்ல ஒண்ணா வேலை பார்த்தாங்க. 1980களின் நடுவுல ஐபிஎம் பிசிக்காக அவங்க உருவாக்கினது பிறகு 'ஐபிஎம் ஸ்க்ரீன் ரீடர்'ங்கற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. இன்னிக்கு நாம பொதுப்பெயரா சொல்ற 'ஸ்க்ரீன் ரீடர்' அப்ப ஒரு பொருளோட பெயர். தனியா 18 பட்டன் கொண்ட ஒரு குட்டி விசைப்பலகையை வெச்சு அதை இயக்கணும். அதுல முக்கியமான சங்கதி, 'பால்'னு ஒரு குட்டி நிரல்மொழி. ப்ரொஃபைல் ஆக்சஸ் லாங்வேஜ்ங்கறதோட சுருக்கம். (நம்ம ஊர் பால் இல்லீங்க.) இந்த மென்பொருள் ஓடும்போது திரையோட எந்தப் பகுதியைப் படிக்கணும், எப்படிப் படிக்கணும்னு மென்பொருளுக்கு மென்பொருள் தனித்தனியா அதுல எழுதி வெச்சுக்கலாம்.

இன்னொருத்தர் டெட் ஹென்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978ல நடந்த ஒரு கார் விபத்துல பார்வை போச்சு. அதுக்கப்புறம் நிரல் எழுதக் கத்துக்கிட்டார். ஃப்ளோரிடாவுல பில் ஜாய்ஸ்ங்கறவரோட சேர்ந்து ஹென்டர்-ஜாய்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சார். 1989ல டாஸுக்கான 'ஜாஸ்' வந்துச்சு. சுறா படம் ஞாபகத்துக்கு வருதா? அதே பெயர்தான். விரிச்சா 'ஜாப் ஆக்சஸ் வித் ஸ்பீச்'. பேச்சின் வழியா வேலைக்கு ஒரு பாதைன்னு வெச்சுக்கலாம். பெயர்லயே வேலை இருக்கு பாருங்க.

ஜாஸ் தன்னோட சொந்த மெனுக்களை லோட்டஸ் பாணியிலயே வெச்சுக்கிச்சு. லோட்டஸ் தெரிஞ்சவனுக்கு ஜாஸும் பழகின வீடு மாதிரி. அதைவிடப் பெரிய விஷயம், அதுல மேக்ரோ எழுதலாம். 'இந்த மென்பொருள்ல இந்த விசையை அழுத்தினா இரண்டாவது வரியைப் படி, இந்த நிறத்துல இருக்கறதை மட்டும் சொல்லு'ங்கற மாதிரி நாமளே கட்டளை எழுதி வெச்சுக்கலாம். ஜாஸைத் தயாரிச்சவங்க பார்த்தே இராத ஒரு மென்பொருளா இருந்தாலும், அதை உபயோகிக்கிறவரே பேச வெச்சுக்கலாம்.

என்னைக் கேட்டா ஸ்க்ரீன் ரீடர் வரலாற்றுல பெரிய கண்டுபிடிப்பு குரல் இல்லை. இந்தத் திறந்த கதவுதான்.

*

அப்புறம் விண்டோஸ் வந்துச்சு. 1990ல விண்டோஸ் 3.0. எல்லாரும் கொண்டாடினாங்க, பார்வையற்றவங்களைத் தவிர. அந்த வருஷம் டிசம்பர்ல பார்வைக் குறைபாடு பற்றிய ஒரு அமெரிக்க ஆய்விதழ்ல இரண்டு பாய்டுகளும் கிரெக் வாண்டர்ஹைடனும் சேர்ந்து எழுதின கட்டுரையோட தலைப்புலயே நெருக்கடி, ஆபத்து, வாய்ப்புன்னு மூணு வார்த்தையும் இருந்துச்சு. ஏன் அவ்வளவு பயம்? டாஸ்ல 'அ'ங்கறது நினைவகத்துல 'அ'வாவே இருந்துச்சு. விண்டோஸ்ல அது வெறும் புள்ளிக் கோலம். எடுத்துப் படிக்க அங்க எழுத்தே கிடையாது.

மேக்கிண்டாஷ்ல மட்டும் 1989லயே பெர்க்லி சிஸ்டம்ஸ் 'அவுட்ஸ்போக்கன்'னு ஒண்ணைக் கொண்டுவந்து வழி காட்டியிருந்தாங்க. (பறக்கும் டோஸ்டர் ஸ்க்ரீன் சேவர் ஞாபகம் இருக்கா? அதே கம்பெனிதான்!) வழி இதுதான். புள்ளியாகறதுக்கு முன்னாடி பிடி. 'இந்த இடத்துல இந்த எழுத்தை வரை'ன்னு மென்பொருள் கட்டளை போடும்போதே அதை ஒட்டுக் கேட்டு, திரைக்குப் பின்னால ஒரு நிழல் திரையைக் கட்டி வெச்சுக்கறது. ஐபிஎம்மோட ரிச் ஷ்வெர்ட்ஃபெகர் 1991 டிசம்பர் பைட் இதழ்ல இதைப் பத்தி விளக்கி எழுதினார். அவர் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஹென்டர்-ஜாய்ஸ்ல சார்லஸ் ஆப்பர்மன்ங்கறவர் 1992ல விண்டோஸுக்கான ஜாஸை எழுத ஆரம்பிச்சார். பிறகு பார்வையற்றவரான க்ளென் கார்டன் வந்து சேர்ந்தார். 1994 நவம்பர்ல ஆப்பர்மன் மைக்ரோசாஃப்டுக்குப் போயிட, கார்டன் பொறுப்பெடுத்துக்கிட்டார். 1995 ஜனவரியில முதல் பதிப்பு வெளிவந்துச்சு. டாஸ்ல இருந்த மேக்ரோ இதுல ஸ்கிரிப்டா வளர்ந்துச்சு. எந்த மென்பொருள் முன்னால இருக்கோ, அதோட பெயரிலயே இருக்கற ஸ்கிரிப்ட் கோப்பு தானா ஏறிக்கும். வேற மென்பொருளுக்குப் போனா அதுக்கானது வரும். எதுவுமே இல்லேன்னா பொதுக் கோப்பு. நம்ம வீட்டுப் பெரியவங்க ஆளுக்கு ஏத்த மாதிரி பேச்சை மாத்திக்குவாங்களே, அது மாதிரி.

மெனுவைப் பொறுத்தவரைக்கும் விண்டோஸ்ல ஒரு நல்ல காரியம் நடந்திருந்துச்சு. விண்டோஸ் தானே வரையற மெனு ஒவ்வொண்ணும் '#32768'ங்கற அடையாளத்தோட வரும். அந்த எண் கொண்ட ஜன்னல் திறந்தா மெனு வந்தாச்சுன்னு ஸ்க்ரீன் ரீடர் புரிஞ்சுக்கும். சுலபம்.

நம்ம நிரலாளர்கள் சும்மா இருப்பாங்களா? விண்டோஸ் குடுக்கற மெனு அழகா இல்லை, நானே வரைஞ்சுக்கறேன்னு கிளம்பினாங்க. படம் வெச்ச மெனு, கலர் கலரா மெனு. மைக்ரோசாஃப்டே ஆபீஸ் 97ல தன்னோட மெனுவைத் தானே வரைஞ்சுக்கிச்சு. கண்ணுக்கு அது மெனு. விண்டோஸோட கணக்குல அது ஏதோ ஒரு ஜன்னல். அடையாள எண்ணும் இல்லை, ஸ்க்ரீன் ரீடருக்குப் புரியவும் இல்லை.

இதுக்குத் தீர்வா 1997ல மைக்ரோசாஃப்ட் 'ஆக்டிவ் ஆக்சசிபிலிட்டி'யைக் கொண்டுவந்துச்சு. ஒட்டுக் கேட்கறதை விட்டுட்டு நேரா கேட்கறது. "நீ யாரு?" "நான் மெனு உருப்படி." "பேரு?" "சேமி." மெனு திறக்கும்போது ஒரு தகவல், மூடும்போது ஒரு தகவல். தானா வரையற மெனுவுக்கும் ஒரு வழி சொன்னாங்க. ஒவ்வொரு உருப்படியோட தரவுலயும் முதல்ல ஒரு குறிப்பிட்ட அடையாள எண்ணைப் போட்டு, கூடவே அந்த உருப்படியோட பெயரையும் வெச்சுட்டாப் போதும், ஸ்க்ரீன் ரீடர் எடுத்துக்கும். ஏழெட்டு வரி வேலை. அந்த ஏழெட்டு வரியை எழுதாம விட்ட மென்பொருள்கள் எத்தனையோ.

எழுதாம விட்ட இடத்தையெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதறவங்க நிரப்பினாங்க. அதுல பல பேர் பார்வையற்றவங்களே. ராத்திரி உட்கார்ந்து எழுதி, காலையில அதை வெச்சு வேலைக்குப் போவாங்க. எழுதினதை இன்னொருத்தருக்கும் குடுப்பாங்க. ஒருத்தர் எழுதின நாப்பது வரியில முகம் தெரியாத இன்னொருத்தர் வேலையைக் காப்பாத்திக்குவார். கம்பெனிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுக்கறதே ஒரு தொழிலாவும் ஆச்சு.

2007ல ஆபீஸ்ல ரிப்பன் வந்து மெனுவையே தூக்கினப்ப மறுபடியும் ஒரு சுற்று. பத்து வருஷமா விரல்ல ஏறியிருந்த வழியெல்லாம் மாறிப்போச்சு. 2010ல வந்த ஜாஸ் 12 என்ன பண்ணுச்சு தெரியுமா? ரிப்பனை எடுத்து பழைய மெனு மாதிரியே மடிச்சுக் குடுக்கற ஒரு வசதியைச் சேர்த்துச்சு. போன மெனு பின்வாசல் வழியா திரும்பி வந்துருச்சு :-)

*

ஜாஸ் விலை பல வருஷம் ஆயிரம் டாலரை ஒட்டி இருந்துச்சு. நம்ம ஊர்ல தனியாளா வாங்கறது கனவுதான். 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கற பார்வையற்ற இளைஞர் என்விடிஏவை எழுத ஆரம்பிச்சார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். இலவசம், திறந்த மூலம், பைதான்ல எழுதினது. அதுலயும் அதே கதவு உண்டு. ஒரு மென்பொருளோட பெயரிலயே ஒரு பைதான் கோப்பு வெச்சா, அந்த மென்பொருளுக்கு வரும்போது அது ஏறிக்கும். லினக்ஸ்ல அதே காலத்துல வந்த ஆர்காவுலயும் மென்பொருளுக்கு ஒரு ஸ்கிரிப்ட்ங்கற ஏற்பாடுதான். (ஆர்கான்னா கொலைகாரத் திமிங்கலம். சுறாவுக்குப் பதில் திமிங்கலம்!) என்விடிஏவுக்குத் தமிழ் இடைமுகமும் இருக்கு, அதோட வர்ற ஈஸ்பீக் தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரிதான், ஆனா பழகினவங்க அதை ஓட்டற வேகம் நம்மால நினைச்சே பார்க்க முடியாது.

புனேயில வளர்ந்த டி.வி.ராமன் 1995லயே வேற ஒரு பாதையில போனார். சின்ன வயசுலயே பார்வையை இழந்தவர். ஈமேக்ஸ் மென்பொருளுக்குள்ளயே புகுந்து, அதோட ஒவ்வொரு செயலும் தானே பேசற மாதிரி 'ஈமேக்ஸ்பீக்' எழுதினார். திரையைப் படிக்காதே, மென்பொருளையே பேசச் சொல்லுங்கறது அவர் கட்சி. யோசிச்சா அதுதான் நியாயம். ஆனா உள்ளே புகுந்து மாத்த விடற மென்பொருள் எத்தனை இருக்கு?

அந்த ரிச் ஷ்வெர்ட்ஃபெகர்? 1991ல ஒட்டுக் கேட்கற வித்தையை விளக்கினவர், 2014 மார்ச்ல W3சி—மன்னிக்கணும், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு—வெளியிட்ட 'ஏரியா' தரத்துல முக்கியப் பங்கு வகிச்சார். இணையப் பக்கத்துல 'இது மெனு, இது மெனு உருப்படி'ன்னு எழுதினவனே சொல்லி வைக்கறதுக்கான ஏற்பாடு அது. ஒட்டுக் கேட்கறதுல ஆரம்பிச்சவர், 'நீயே சொல்லிடுப்பா'ங்கற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

*

சரி, மதுரைக்கு வருவோம்.

அந்த ஞாயித்துக்கிழமை அண்ணன் விசையை அழுத்த, நான் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருந்தேன். "மெனு திறந்திருக்கு அண்ணே. முதல் வரி நீலமா இருக்கு. இப்ப நீலம் இரண்டாவது வரிக்கு இறங்கிருச்சு."

"எழுத்து இருக்கா, படமா?"

ஸ்க்ரீன் ரீடரை விட்டுத் துழாவிப் பார்த்தார். எழுத்தாத்தான் இருந்துச்சு, நிழல் திரையில எல்லாம் பதிவாயிருந்துச்சு. மெனுன்னு தெரியாததால அது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான்.

"நீலம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா அதுக்கு ஒரு நம்பர் இருக்கும்ல? அது போதும்."

அந்த நம்பரை எடுத்தார். ஸ்கிரிப்ட் எழுதினார். அதோட சாராம்சம் இதுதான். கீழ் அம்புக்குறியை அழுத்தினா, முதல்ல அதை மென்பொருளுக்கே அனுப்பு. ஒரு நொடியில சின்னப் பங்கு காத்திரு. அப்புறம் இந்த ஜன்னல்ல இந்த நம்பர் நிறத்துக்கு மேல இருக்கற எழுத்தைத் தேடு. கிடைச்சா பேசு. மேல் அம்புக்குறிக்கும் அதே. மொத்தம் முப்பது வரி இருக்கும். இரண்டு தடவை தப்பாச்சு. மூணாவது தடவை கம்பைல் பண்ணிட்டு, ஆல்ட் அழுத்தி, அம்புக்குறியை அழுத்தினார்.

"வவுச்சர்... லெட்ஜர்... டே புக்..."

அந்த முகத்தை என்னால வர்ணிக்க முடியாது. திங்கக்கிழமை அவர் கணக்கு சீட்டுலயே உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழிச்சு மறுபடி போன். புதுப் பதிப்பு போட்டுட்டாங்க, மெனு மறுபடி ஊமை. போய்ப் பார்த்தா, நீலம் போய் ஆரஞ்சு வந்திருக்கு. யாரோ ஒரு டிசைனர் நிறத்தை மாத்தியிருக்கார், அவ்வளவுதான். அண்ணன் ஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு நம்பரை மாத்தினார், அஞ்சு நிமிஷ வேலை. நான் கை தட்டினேன். அவர் சிரிக்கல.

"எல்லாரும் ஆபீசுக்கு வந்து வேலை பார்க்கறாங்க தம்பி. நான் மட்டும் ஆபீசை ரிப்பேர் பண்ணிட்டு வேலை பார்க்கணும்."

அதுவரைக்கும் இந்த ஸ்கிரிப்ட் சமாச்சாரத்தை ஒரு சாகசமா மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். தாட்சரும் ஹென்டரும் திறந்து வெச்ச கதவு பெரிய விஷயம்தான், அதுல சந்தேகமே இல்லை. அது இல்லாட்டி அண்ணனுக்கு வேலை இல்லை. ஆனா அந்தக் கதவு வழியா ஒவ்வொரு தடவையும் சுத்தியலும் ஆணியுமா உள்ளே வர வேண்டியது யாரு? ஏழெட்டு வரி எழுத வேண்டியவன் எழுதாம விட்டதுக்கு, முப்பது வரி எழுதினவர் அவர்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நீங்க எழுதின மென்பொருளைத் திறங்க. மவுஸைப் பிடுங்கி ஓரமா வைங்க. என்விடிஏ இலவசம், இறக்கிப் போட்டு ஓட விடுங்க. அப்புறம் மானிட்டரை அணைச்சுட்டு மெனுவுல ஒரு சுத்து வாங்க. பேசுச்சுன்னா சந்தோஷம். பேசலேன்னா, உங்க மென்பொருளை உபயோகிக்கிற ஏதோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தர் இந்த ஞாயித்துக்கிழமை ஒரு கண்ணைக் கடன் கேட்டுக்கிட்டு இருக்கார்னு அர்த்தம்.

பி.கு: ஜிம் தாட்சர் 2019 டிசம்பர்ல காலமானார். அந்தச் செய்தியை அண்ணனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நாம இரண்டு பேரும் உட்கார்ந்த மாதிரிதானே அவங்க இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பாங்க"ன்னார்.